வாசகர் கேள்வி – பதில்: கட்டுரையை எழுதியது யார்?

மொழிப்பாடத்துக்குள் செயற்கை நுண்ணறிவு நுழைந்திருப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரி போதாது என்று வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதும் அவற்றுக்கே. எழுதியவர்களில் பலர் ஆசிரியர்களும் மாணவர்களும் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலப் பாடத்துக்காக இரண்டு நாள் உட்கார்ந்து நானே எழுதிய கட்டுரையை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்து, '82 சதவீதம் இயந்திரம் எழுதியது' என்று வந்ததாகச் சொல்லி, உள்மதிப்பீட்டில் பூஜ்ஜியம் போட்டுவிட்டார்கள். நான்தான் எழுதினேன் என்று எப்படி நிரூபிப்பது? (மாணவி, திருச்சி)

பதில்: நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டுபவருடையது, உங்களுடையது அன்று. அந்த மென்பொருள் காட்டிய எண் ஓர் ஊகம், சாட்சியம் ஆகாது.

அது எப்படி ஊகிக்கிறது என்று தெரிந்தால் உங்கள் கட்டுரை ஏன் மாட்டியது என்பதும் விளங்கும். சாட்ஜிபிடி போன்றவை ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்தே எழுதுகின்றன. கண்டறியும் மென்பொருள்களில் பலவும் அதே கணக்கைத் திருப்பிப் போடுகின்றன. அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்க முடிந்தால் 'இயந்திரம்' என்கின்றன. எதிர்பாராத சொற்களும் ஏற்ற இறக்கமான வாக்கியங்களும் வந்தால் 'மனிதர்' என்கின்றன. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர், பாடநூலில் பழகிய சொற்களை, இலக்கணப் பயிற்சியில் பழகிய வாக்கிய அமைப்பில், தவறு வந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு அடுக்குகிறார். அந்த எளிய, கவனமான ஆங்கிலம்தான் மென்பொருளின் கண்ணுக்கு இயந்திரத்தின் ஆங்கிலமாகத் தெரிகிறது.

இது என் சொந்த அனுமானம் அன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகச் சுமார் 61 சதவீதக் கட்டுரைகளை அவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்லின. 91இல் 89 கட்டுரைகள் ஏழில் ஏதாவது ஒன்றிடமாவது மாட்டிக்கொண்டன. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இத்தகைய தவறு மிகக் குறைவு. இதிலுள்ள வேடிக்கையைக் கேளுங்கள்: அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, தாய்மொழிக்காரர் எழுதியதுபோலச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னபோது, பெரும்பாலானவை 'மனிதர் எழுதியவை' என்று தேறிவிட்டன. சொந்தமாக எழுதியவருக்குத் தண்டனை, இயந்திரத்திடம் கொடுத்து வாங்கியவருக்கு விடுதலை!

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படியொரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே அது இயந்திர எழுத்தில் 26 சதவீதத்தை மட்டுமே சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தின்மீது பொய்க் குற்றம் சுமத்தியது. துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், தான் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் இருந்த கண்டறியும் வசதியை 2023 ஆகஸ்டில் நிறுத்தியே வைத்துவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: துறைத்தலைவருக்கு எழுத்து மூலமாக முறையிடுங்கள். எந்த மென்பொருள், அந்த 82 எதன் சதவீதம் என்று கேளுங்கள். சில மென்பொருள்களில் அது சந்தேகத்துக்குரிய வாக்கியங்களின் பங்கு. சிலவற்றில் மொத்தக் கட்டுரையும் இயந்திரத்தினுடையதாக இருப்பதற்கான வாய்ப்பு. இரண்டும் வேறுவேறு. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் திருத்த வரலாறு அப்படியே இருக்கும். கையால் எழுதியிருந்தால் அடித்துத் திருத்திய தாள்களை இணையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசவும், அதே பொருளில் ஒரு பத்தி எழுதிக் காட்டவும் தயார் என்று நீங்களாகவே சொல்லுங்கள். எழுதியவருக்கு அது பத்து நிமிட வேலை. எழுதாதவருக்கு அது முடியாத வேலை. எங்கள் காலத்தில் ரஃப் நோட்டைச் சேர்த்துக் கொடுத்தால்தான் ஃபேர் நோட்டை வாங்குவார்கள். அந்தப் பழைய பிடிவாதம் இன்றைக்கு மாணவரைக் காக்கும் ஆவணமாக மாறியிருக்கிறது.

கேள்வி: அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வீட்டில் எழுதிவரச் சொல்லும் கட்டுரைகள் இப்போது பிழையே இல்லாமல், ஒரே வார்ப்பில் வருகின்றன. கைபேசியில் கேட்டு, நோட்டில் பார்த்து எழுதுகிறார்கள். கையெழுத்து பிள்ளையுடையது, கட்டுரை யாருடையது என்று தெரியவில்லை. வீட்டில் கட்டுரை எழுதச் சொல்வதையே நிறுத்திவிடலாமா? (தமிழாசிரியை, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. ஆனால் பழியை முழுவதும் கைபேசியின் தலையில் போட்டுவிடவும் என் மனம் ஒப்பவில்லை. கைபேசி வருவதற்கு முன்பு பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையேட்டில் இருந்த 'மழைக்காலம்' கட்டுரையை முன்னுரையிலிருந்து முடிவுரை வரை மனப்பாடம் செய்து எழுதினார்கள். பக்கத்துத் தலைப்புகள் இருக்கின்றனவா, மேற்கோள் இரண்டாவது இருக்கிறதா என்று பார்த்து நாமும் மதிப்பெண் போட்டோம். இயந்திரத்தால் அந்த வார்ப்பைப் பிசகில்லாமல் நிரப்ப முடிகிறதென்றால், நாம் கேட்டுவந்த கட்டுரையே இயந்திரத்தனமாக இருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பார்த்து எழுதுவதால் என்ன இழப்பு என்று பெற்றோர் கேட்டால் சொல்வதற்கு ஒரு செய்தி தருகிறேன். கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே நடத்தும் பள்ளிகள் உண்டு. அங்கே பல ஆண்டுகள் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் என்ற மொழியியலாளர், கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படிப்பதிலும் அவர்கள் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய நிகராக இருந்தும், பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியிருப்பதைக் கண்டார். கேட்பது மட்டும் போதாது, தானே சொல்ல முயலும்போதுதான் 'இதைச் சொல்ல எனக்குச் சொல் இல்லையே' என்ற குறை ஒருவருக்குத் தட்டுப்படுகிறது, அந்தக் குறை தட்டுப்படும் இடத்தில்தான் மொழி வளர்கிறது என்று 1985 முதல் எழுதிவந்தார். சொல் கிடைக்காமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் கைபேசி பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

இனி, ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நான் ஆசிரியராக இருந்த காலத்து மாணவன் ஒருவனின் கட்டுரை நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. மழையைப் பற்றி அவன் எழுதியது இது:

'மழை வந்தால் எங்க அப்பாவுக்கு வேலை இருக்காது. சூலையில் தன்னி நிக்கும். அன்னைக்கு மட்டும் அவர் சாயந்தரம் வீட்டில் இருப்பார்.'

சூளை 'சூலை' ஆகியிருக்கிறது, தண்ணீர் 'தன்னி' ஆகியிருக்கிறது. பேச்சு வழக்கு எழுத்தில் கலந்திருக்கிறது. இந்த மூன்று வரியை ஒரு செயலியில் இட்டு, நல்ல தமிழில் திருத்தித் தரும்படி கேட்டேன். வந்தது இது:

'மழைக்காலங்களில் எனது தந்தையின் வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது. இருப்பினும், இது அவருக்குக் குடும்பத்துடன் தரமான நேரத்தைச் செலவிட ஒரு அற்புதமான வாய்ப்பை வழங்குகிறது.'

எழுத்துப்பிழை இல்லைதான். ஆனால் செங்கல் சூளை எங்கே? அதில் நின்ற தண்ணீர் எங்கே? 'அன்னைக்கு மட்டும்' என்ற இரண்டு சொல்லில் அந்தப் பையன் வைத்திருந்த ஏக்கம் எங்கே? 'தரமான நேரத்தைச் செலவிட' என்று விழுப்புரத்தில் எந்த வீட்டில் பேசுகிறார்கள்? ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழ் எழுத்தில் இறக்கிய வாக்கியம் அது. 'என்பது', 'ஆகும்', 'முக்கியப் பங்கு வகிக்கிறது', இடம் பொருள் பாராமல் வந்து உட்காரும் 'ஒரு' ஆகியவை இத்தகைய தமிழின் அடையாளங்கள்.

இதையே பாடமாக்குங்கள் என்பது என் யோசனை. இயந்திரம் எழுதிய பத்தி ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, 'இதில் நம் ஊரில் யாரும் சொல்லாத வாக்கியம் எது?' என்று கேளுங்கள். இலக்கணக் கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளைகள்கூட இதற்குக் கை தூக்குவார்கள், ஏனென்றால் இதற்கு விடை அவர்கள் காதிலேயே இருக்கிறது. இயந்திரத்தின் விடையைத் திருத்தும் இடத்தில் பிள்ளையை உட்காரவைப்பது, பிள்ளையின் விடையை இயந்திரம் திருத்துவதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

வீட்டுக் கட்டுரைக்கு வருவோம். தலைப்பைப் பிள்ளையின் தெருவுக்குள் கொண்டுவாருங்கள். 'மழைக்காலம்' வேண்டாம், 'சென்ற மழையில் எங்கள் தெருவில் என்ன நடந்தது' என்று கேளுங்கள். முதல் வரைவை வகுப்பிலேயே இருபது நிமிடத்தில் பேனாவால் எழுதச் செய்து, ஓரத்தில் உங்கள் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் கைபேசி இருப்பவர்கள் அதனிடம் கேட்கலாம், ஆனால் 'எழுதித் தா' என்று கேட்கக் கூடாது. 'எங்கே புரியவில்லை, எங்கே பிழை இருக்கிறது' என்று மட்டும் கேட்க வேண்டும். மறுநாள் நோட்டில் இரண்டாம் வரைவோடு, இயந்திரம் சொன்னதில் எதை ஏற்றேன், எதைத் தள்ளினேன், ஏன் என்று மூன்று வரி இருக்க வேண்டும். கைபேசி இல்லாத பிள்ளைக்குப் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை அந்த வேலையைச் செய்யட்டும். மதிப்பெண்ணில் பாதி முதல் வரைவுக்கும் அந்த மூன்று வரிக்கும் போகட்டும். சிட்னி பல்கலைக்கழகம் தேர்வுகளை இருபாதையாகப் பிரித்து, கண்முன் நடப்பதை ஒரு பாதையிலும் இயந்திரத்தை வெளிப்படையாகப் பயன்படுத்துவதை இன்னொரு பாதையிலும் வைக்கிறது. அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அதன் எளிய வடிவம் இவ்வளவுதான்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். ஒன்பது வயது மகன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறான். மற்ற நாட்களில் ஒரு செயலியோடு தமிழில் பேசிப் பழகுகிறான். அவன் 'நான் வாறன்' என்றால் அது 'வருகிறேன்' என்று திருத்துகிறது. 'கதைக்கிறது' என்றால் 'பேசுவது' என்கிறது. இப்போது அம்மம்மா கதைப்பது பிழையான தமிழ் என்று அவவிடமே சொல்கிறான். என்ன செய்வது? (தாய், டொராண்டோ)

பதில்: முதலில் அம்மம்மாவின் பக்கம் நின்றுவிடுகிறேன். 'வாறன்', 'கதைக்கிறது' இரண்டும் பிழை அல்ல. அவை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ். 'வருகிறேன்' என்பது எழுத்துத் தமிழ். அதை வாயால் அப்படியே சொல்பவர் சென்னையிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. ஒரே மொழி பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கு ஒரு வடிவமும் கொண்டிருப்பதை இரட்டை வழக்கு என்கிறோம். அரபு, கிரேக்கம் முதலிய மொழிகளை வைத்துச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விவரித்த நிலை அது. தமிழ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இயந்திரம் தமிழைப் பெரும்பாலும் படித்துக் கற்றது, கேட்டுக் கற்றது குறைவு. இணையத்தில் கிடைக்கும் தமிழில் செய்தியும் கட்டுரையுமே மிகுதி, அதிலும் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது அதிகம். ஆகவே அதற்குப் பழக்கமில்லாதது அதன் கணக்கில் பிழையாகிவிடுகிறது. இந்தச் சிக்கலுக்கு ஆசிரியர்களே பாதை போட்ட இடம் சிங்கப்பூர். வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துவந்த நிலையில், 2005ஆம் ஆண்டு பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு, பள்ளியில் வாய்மொழிப் பயிற்சிக்குப் பேச்சுத் தமிழையே எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் பிள்ளை புத்தகம்போலப் பேசினால் பாராட்டுவது என்ற பழக்கத்துக்கு அது ஒரு முற்றுப்புள்ளி.

செயலியைப் பிடுங்க வேண்டாம். அதன் வேலையை மாற்றுங்கள். தொடங்கும்போதே, 'நீ யாழ்ப்பாணத் தமிழில் பேசும் ஒரு பிள்ளையோடு கதைக்கிறாய். பேச்சு வழக்கைத் திருத்தாதே. எழுத்துத் தமிழில் எப்படி வரும் என்று கேட்டால் மட்டும் சொல்' என்று எழுதிவிடுங்கள். ஓரளவு கேட்கும், பிறகு மறந்துபோய்ப் பழையபடி திருத்தத் தொடங்கும்; மறுபடியும் சொல்லுங்கள். மகனுக்கு இன்னொரு வேலை கொடுங்கள்: அம்மம்மா சொல்லும் ஒரு கதையைப் பதிவுசெய்து, அதைச் செயலியில் ஓட்டி, அது எந்தெந்தச் சொல்லைத் தப்பாக எழுதுகிறது என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். 'ஓம்' என்று அம்மம்மா ஆமோதிப்பதை அது என்னவென்று எழுதுகிறது என்பதில் தொடங்கலாம். விடைத்தாள் திருத்துபவர் அம்மம்மா.

கேள்வி: அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் விரிவான பதிலும் தமிழில் கேட்டால் மெலிந்த பதிலும் வருவது ஏன்? (மென்பொருள் பணியாளர், கோவை)

பதில்: இரண்டு காரணங்கள். இயந்திரம் எழுத்தை நேரடியாகப் படிப்பதில்லை; டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டிக்கொண்டு படிக்கிறது. எந்தத் துண்டுகள் அதன் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதை ஆங்கிலம் மிகுந்த தரவுகளே தீர்மானித்தன. கணினிக்குள் யூனிகோடு முறையில் 'கு' என்ற நம் ஓர் எழுத்தே க, உகரக் குறி என இரு குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக (பைட் என்பது கணினி நினைவகத்தின் சிறு அலகு) ஆறு பைட். ஆங்கில எழுத்துக்கோ ஒன்றே ஒன்று. ஆகவே ஆங்கிலச் சொல் முழுசாகப் போகும் இடத்தில் தமிழ்ச் சொல் பொடிப்பொடியாகப் போயிற்று. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புதிய வடிவம் வந்தபோது ஓப்பன்ஏஐ ஓர் அறிமுக வாசகத்தைப் பல மொழிகளில் வெட்டிக் காட்டியது: தமிழில் முன்பு 116 துண்டு, இப்போது 35; ஆங்கிலத்தில் முன்பு 27, இப்போது 24. இந்த இடைவெளி பெரிதும் குறைந்துவிட்டது. குறையாதது இரண்டாவது காரணம். பயிற்சிக்குக் கிடைத்த தமிழ் மிகக் குறைவு, அதிலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த தமிழ் கணிசம். பிள்ளை கேட்டு வளர்ந்த மொழியைத்தானே பேசும்.

கேள்வி: கணவர் ஜெர்மனியில் வேலையில் இருக்கிறார். நான் அங்கே போவதற்கு ஜெர்மன் ஏ1 தேர்வில் தேற வேண்டும். ஊரில் வகுப்பு இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியை மட்டும் வைத்துப் படித்துத் தேர்வு எழுத முடியுமா? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: பாதித் தேர்வுக்கு அது நல்ல துணை, அம்மா. ஐரோப்பியப் பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது, உங்களுடையது முதற்படி. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கில், எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தை நிரப்பி, சுமார் 30 சொற்களில் ஒரு சிறு மடல் எழுத வேண்டும். அந்த மடலைத் தினம் ஒன்று நீங்களே எழுதி, 'பிழையைத் தமிழில் விளக்கு, மாற்றி எழுதாதே' என்று இயந்திரத்திடம் கொடுங்கள். இரவு பதினொரு மணிக்கும் சலிக்காமல், நீங்கள் பத்தாவது முறையாகச் செய்யும் தவறுக்கும் முகம் சுளிக்காமல் சொல்லும். இந்தப் பொறுமைக்காகவே அதை நான் மெச்சுகிறேன்.

பேச்சுப் பகுதி வேறு விஷயம். அங்கே மற்றத் தேர்வர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, உங்களை அறிமுகம் செய்து, கையில் வரும் அட்டையிலுள்ள சொல்லை வைத்து அடுத்தவரிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர் கேட்பதற்குப் பதில் சொல்லி, ஒரு பொருளைத் தரும்படி வேண்ட வேண்டும். செயலி உங்கள் குளறுபடியான உச்சரிப்பையும் ஊகித்துப் புரிந்துகொண்டு உங்களைப் பழக்கிவிடும். எதிரில் இருக்கும் மனிதருக்குப் புரியாமல் போகலாம். ஆகவே வாரத்தில் மூன்று நாளாவது கணவரோடு தொலைபேசியில் கால் மணி நேரம் ஜெர்மனில் மட்டும் பேசுங்கள். தேர்வுக்கு முந்தைய மாதமாவது, இணையவழியிலேனும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரு வகுப்பில் உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஐந்து பிரிவுகளுக்கு இருநூறு கட்டுரை நோட்டுகள் திருத்துகிறேன். பக்கங்களைப் படம் எடுத்து ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றி, அது போடும் மதிப்பெண்ணையே பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறது நிர்வாகம். சரியா? (மொழியாசிரியர், மதுரை)

பதில்: உங்கள் கை வலி எனக்குத் தெரியும், ஆனாலும் சரியில்லை.

கட்டுரைக்கு இயந்திரம் மதிப்பெண் போடுவது புதிதல்ல. எல்லிஸ் பேஜ் என்ற அமெரிக்கர் 1966இலேயே அதற்கு நிரல் எழுதத் தொடங்கிவிட்டார். 1999 முதல் ஜிமேட் என்ற மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வின் கட்டுரைகளுக்கு மனிதத் திருத்துநரோடு இயந்திரமும் மதிப்பெண் போட்டது. எம்ஐடியில் எழுத்துப் பயிற்சித் துறையில் இருந்த லெஸ் பெரல்மன் 2014இல் மாணவர்கள் சிலரோடு ஒரு விளையாட்டு நிரல் செய்தார். அது நீளநீளமான, பகட்டான, பொருளே இல்லாத ஆங்கில வாக்கியங்களைக் கட்டுரையாகக் கொட்டும். மதிப்பெண் இயந்திரங்கள் அந்தக் கட்டுரைகளுக்கு உயர்ந்த மதிப்பெண் போட்டன. இன்றைய இயந்திரங்கள் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. ஆனால் ஒரே கட்டுரைக்குத் திங்களன்று ஒன்றும் வெள்ளியன்று ஒன்றுமாக எண் போடும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. நிர்வாகத்திடம் வாதாட வேண்டாம். ஐந்து நோட்டுகளை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை ஏற்றி, இரண்டு பட்டியலையும் மேசையில் வையுங்கள்.

தமிழ்க் கட்டுரைகளில் நான் பார்த்த ஒரு தவறையும் சொல்கிறேன். 'பள்ளிக்கு போனேன்' என்று எழுதியிருந்த இடத்தில் 'பள்ளிக்குப் போனேன்' என்று வலி மிக வேண்டும். செயலி அதைக் கவனிக்காமல் விட்டது. இரண்டு வரி தள்ளி 'வந்த பையன்' என்று சரியாக எழுதியிருந்ததை 'வந்தப் பையன்' என்று திருத்தி, சந்திப்பிழை என்று மதிப்பெண்ணும் குறைத்தது. பெயரெச்சத்தின் பின் வலி மிகாது என்று அந்த மாணவிக்குத் தெரிந்திருந்தது, திருத்தியவருக்குத் தெரியவில்லை.

சட்டமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மாணவரின் கற்றல் அடைவை மதிப்பிடும் செயலிகளை உயர் ஆபத்து வகையில் வைத்து, மனித மேற்பார்வையைக் கட்டாயமாக்குகிறது. நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொது விதி. பிள்ளையின் பெயரும் வகுப்பும் அட்டையில் தெரிய, வீட்டு விஷயமெல்லாம் உள்ளே எழுதியிருக்கும் நோட்டைப் படம் எடுத்து எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பும் முன், பெற்றோரிடம் யார் கேட்டார்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

இயந்திரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. ஒரே உரைப்பகுதியை மூன்று கடின நிலைகளில் மாற்றித் தரும், பயிற்சி வினாக்களின் முதல் பட்டியலைத் தரும். அவற்றைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு, மிச்சப்படும் நேரத்தில் வாரம் நாற்பது நோட்டுகளை வரி விடாமல் படியுங்கள். ஐந்து வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். மற்ற நூற்றறுபதைப் புரட்டிக் கையொப்பம் இட்டால் போதும். இருநூறையும் படித்ததாகக் காட்டிக்கொள்வதைவிட இது நேர்மையானது.

கேள்வி: மகன் பள்ளிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினான். செயலி எழுதிக் கொடுத்த உரை. பரிசு வாங்கிய பிறகு பார்த்தால், அதில் சொன்ன ஒரு குறள் திருக்குறளிலேயே இல்லை. நடுவர்களும் கவனிக்கவில்லை. (தந்தை, சேலம்)

பதில்: இல்லாத குறளைச் செய்து கொடுப்பது இயந்திரத்துக்கு மிக எளிது. குறளின் சந்தமும் சொல்லும் அதற்குப் பழக்கம். அடுத்து எது பொருந்தும் என்று பார்க்குமே தவிர, அப்படி ஒரு குறள் இருக்கிறதா என்று அது புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே சோதிக்கலாம். குறள் எண்ணைக் கேளுங்கள்; 1330க்கு மேல் போனால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இரண்டிலும் தேறினாலும், அந்த எண்ணுக்குரிய குறளைப் புத்தகத்தில் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் பொய்க் குறளும் ஏழு சீரில் வரும்.

பரிசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மகனை வருத்த வேண்டாம். அந்தப் பொய்க் குறள் எந்த அதிகாரத்தின் பொருளைத் தொடுகிறது என்று கேளுங்கள். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளையும் படித்து, தன் பேச்சுக்குப் பொருந்தும் ஒன்றை அவனே எடுத்து, அடுத்த வாரம் தமிழாசிரியரிடம் போய், 'ஐயா, அன்றைக்கு நான் சொன்னது தவறு, சொல்லியிருக்க வேண்டியது இது' என்று சொல்லிவிட்டு வரட்டும்.